நாகானோவில் தாண்டாதவர்: நொரியாகி கசாயின் 35 ஆண்டுகள்

1998 பிப்ரவரி 17. ஜப்பானின் ஹகுபா மலையில் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, மேடையின் உச்சியிலிருந்து பார்த்தால் கீழே கூட்டம் இருப்பதே தெரியாத அளவுக்கு. நாகானோ ஒலிம்பிக்கின் ஸ்கீ ஜம்பிங், அதாவது பனிச்சறுக்குப் பலகைகளோடு உயர்ந்த மேடையிலிருந்து தாண்டிப் பறக்கும் விளையாட்டின், குழுப் போட்டி. முதல் சுற்று முடிந்தபோது ஜப்பான் 4வது இடத்தில் இருக்கிறது. அவர்களுடைய நட்சத்திரம் மசஹிகோ ஹராடா, தடத்தில் சேர்ந்துவிட்ட பனியில் வேகமே பிடிக்காமல் 79.5 மீட்டரிலேயே இறங்கிவிட்டார். போட்டியை இத்தோடு நிறுத்தினால் பதக்கம் கிடையாது. தொடரலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்காக 25 சோதனை வீரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தாண்டவிட்டார்கள், ஒருத்தரும் விழவில்லை, சரி என்று இரண்டாவது சுற்றைத் தொடங்கினார்கள், ஹராடா 137 மீட்டர் பறந்தார், ஜப்பானுக்குத் தங்கம். நான்கு பேர் பனியில் கட்டிப்புரண்டு அழுத அந்தக் காட்சி ஜப்பான் விளையாட்டு வரலாற்றில் அழியாத ஒன்று.

அந்த நால்வரில் இல்லாத ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. நொரியாகி கசாய், அப்போது வயது 25. கணுக்காலில் அடிபட்டுத் தேறி வந்து, அதே ஒலிம்பிக்கில் சிறிய மேடையின் தனிநபர் போட்டியில் 7வதாக வந்தவர். குழுவில் மட்டும் அவருக்கு இடமில்லை. சொந்த மண்ணில் தன் நாடு தங்கம் வாங்கியதை வெளியில் நின்று பார்த்தார். அன்று மகிழ்ச்சியே வரவில்லை, வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது என்பதைப் பின்னாளில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான். "நாடு ஜெயித்தால் நான் ஜெயித்த மாதிரி" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், சொல்லவில்லை.

இதற்கு அப்புறம் அவர் இன்னும் ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 41 வயதில் தனிநபர் வெள்ளி வாங்கினார், 42 வயதில் உலகக் கோப்பைப் போட்டி ஒன்றை (இங்கே உலகக் கோப்பை என்பது ஒவ்வொரு குளிர்காலமும் பல ஊர்களில் நடக்கும் போட்டித் தொடர்) ஜெயித்தார், 51 வயதில் உலகக் கோப்பைப் புள்ளி எடுத்தார். ஜப்பானில் அவருக்குப் பெயரே "லெஜண்ட்". 2014ல் அந்த நாட்டின் அந்த ஆண்டுக்கான பரபரப்புச் சொற்களில் முதல் பத்துக்குள் அந்தச் சொல் வந்தது, காரணம் இவர்தான்.

வழக்கமாக இந்தக் கதையை "விடாமுயற்சி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. விடாமுயற்சி உள்ளவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள், அவர்களெல்லாம் 42 வயதில் ஜெயிப்பதில்லை. இவரால் எப்படி முடிந்தது, எது கை கொடுத்தது, எது கெடுத்தது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் இந்த விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது. பெரிய மேடையில் வீரர் உச்சியில் ஒரு கம்பியில் உட்கார்ந்திருப்பார். கையை விட்டதும் குந்தி உட்கார்ந்த நிலையில், இரண்டு பள்ளத்தடங்களில் பலகைகளைப் பொருத்தி சறுக்கி வருவார், தள்ளக் கூடாது, கையில் கோல் கிடையாது. மேடை நுனியை அடையும்போது வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அந்த நுனியில் சுமார் 0.3 விநாடிக்குள் காலை உதைத்து எழும்ப வேண்டும். ஒரு நூலிழை முந்தினாலோ பிந்தினாலோ பத்து மீட்டர் போய்விடும். பார்க்கிறவர்கள் நினைப்பதுபோல மேடை மேல்நோக்கி வளைந்திருக்காது, நுனி கீழ்நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு 4, 5 விநாடிகள் பறத்தல். குதிகால் பலகையில் ஒட்டியிருக்காது, கால்விரல் பக்கம் மட்டும்தான் இறுக்கமான பிணைப்பு. உடம்பை முன்னால் சாய்த்து, பலகைகளைக் காற்றில் விரித்து, எதிர்க்காற்றின் மேல் படுத்துக்கொள்கிறார்கள். காத்தாடி விட்டவர்களுக்குச் சட்டென்று புரியும்: எதிர்க்காற்று தூக்கும், பின்காற்று கவிழ்க்கும். இங்கே நூலும் கிடையாது, காத்தாடியே மனிதர்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு வீரர் வருஷத்துக்கு ஆயிரம் தடவை தாண்டுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தாண்டலுக்கு 5 விநாடி என்றால் மொத்தம் 5,000 விநாடி, ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. வருஷம் முழுக்கப் பாடுபட்டும் ஒரு மனிதன் காற்றில் இருந்தது ஒரு சினிமா ஓடும் நேரத்துக்கும் குறைவு. பத்து வருஷம் தாண்டினாலும் ஒரு முழு நாளைத் தாண்டாது. நீச்சல்காரர் தண்ணீரில் தினம் நான்கு மணி நேரம் கிடக்கலாம், ஓட்டக்காரர் ஓடிக்கொண்டே இருக்கலாம். இங்கே அனுபவம் சொட்டுச்சொட்டாகத்தான் சேரும். அதனால் நீண்ட நாள் இருப்பதே ஒரு பயிற்சி. என் வாதத்தின் அச்சாணி இதுதான், கசாயின் விஷயத்தில் இதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

கசாய் பிறந்தது 1972 ஜூன் 6, ஹொக்கைடோ தீவின் வடபகுதியில் ஷிமோகாவா என்ற சிற்றூர். மூவாயிரம் சொச்சம் பேர் வாழும் இடம், ஆனால் ஸ்கீ ஜம்பிங்கில் அந்த ஊர் ஒரு தொழிற்சாலை மாதிரி. நாகானோவில் தங்கம் வாங்கிய தகனோபு ஒகபே அந்த ஊர்க்காரர், பின்னால் வந்த டைகி இடோவும் அந்த ஊர்க்காரர்தான். கசாயின் வீடு வறுமைப்பட்டது. 1988 டிசம்பரில், 16 வயதில், சப்போரோவில் முதல்முறையாக உலகக் கோப்பைப் போட்டியில் இறங்கினார்.

அந்தக் குளிர்காலம் சாதாரணமானதில்லை. அந்தப் பருவத்தின் ஒட்டுமொத்த உலகக் கோப்பையை ஜெயித்தவர் ஸ்வீடனின் யான் பொக்லொவ், பலகைகளை இணையாக வைக்காமல் முன்பக்கம் அகட்டி ஆங்கில "வி" எழுத்துபோல விரித்துப் பறந்தவர். அதுவரை எல்லோரும் இரண்டு பலகைகளையும் தண்டவாளம்போல இணையாக வைத்துத்தான் பறந்தார்கள், அதுதான் அழகு என்று நடுவர்கள் நினைத்தார்கள். பொக்லொவுக்குப் பாணிப் புள்ளியை வெட்டினார்கள். வெட்டியும் அவர் ஜெயித்தார், அவ்வளவு தூரம் போனார். காற்று பிடிக்கும் பரப்பு அதிகமாவதால் தூக்குவிசை ஏறத்தாழ 28 சதவீதம் கூடுகிறது என்று சொல்வார்கள். மூன்று நான்கு வருஷத்தில் பழைய பாணி செத்தே போயிற்று. 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்கில் வி பாணியோடு வந்த 16 வயதுப் பின்லாந்துப் பையன் டோனி நியெமினென் பெரிய மேடைத் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனான். எத்தனையோ சாம்பியன்கள் அந்த மாற்றத்தில் காணாமல் போனார்கள், கை கால் பழகிய பழக்கத்தை மாற்ற முடியவில்லை.

கசாயும் இணைப் பலகையில் பழகியவர்தான். ஆல்பர்வில்லின் இரண்டு தனிநபர் போட்டிகளில் 31வது, 26வது என்று முடித்தார், பேசும்படி ஒன்றுமில்லை. ஆனால் ஒரே மாதத்தில், 1992 மார்ச்சில், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் ஹராகோவில் நடந்த ஸ்கீ ஃபிளையிங் உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம். ஸ்கீ ஃபிளையிங் என்பது இதே விளையாட்டின் பூத வடிவம், மேடை இன்னும் பெரியது, பறக்கும் தூரமும் பயமும் இரட்டிப்பு. 19 வயதில் உலக சாம்பியன். தனிநபராக அவர் வாங்கிய ஒரே உலகப் பட்டம் அதுதான் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அவருடைய பாணி பார்த்தவுடன் தெரியும். உடம்பு பலகைகளுக்கு நடுவே தாழப் படிந்திருக்கும், முகம் பலகை நுனிகளுக்கு வெகு அருகில், கைகள் இடுப்போரம் உள்ளங்கை விரித்தபடி. இவ்வளவு முன்னால் சாய்ந்தால் ஒரு சிறு காற்றுச் சுழலில் தலைகுப்புறக் கவிழலாம். ஐரோப்பியப் பத்திரிகைகள் அவருக்கு "காமிகாஸே", அதாவது இரண்டாம் உலகப் போரின் ஜப்பானியத் தற்கொலை விமானி, என்று பட்டம் கட்டியது இதனால்தான். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை, ஜப்பானியன் என்றால் சாகத் துணிந்தவன் என்ற சோம்பேறித்தனமான கிண்டல் அதில் இருக்கிறது. அவர் செய்தது தற்கொலை முயற்சியின் நேர் எதிர். அந்தச் சாய்வை அத்தனை வருஷம் விழாமல் காப்பாற்றியதில்தான் திறமை.

அப்புறம் 1994, லில்லெஹாமர் ஒலிம்பிக். குழுப் போட்டி. ஜப்பான் அணி: நிஷிகாதா, ஒகபே, கசாய், ஹராடா. கடைசித் தாண்டல் ஹராடாவுடையது, 50 புள்ளிக்கு மேல் முன்னிலை. சுமார் 105 மீட்டர் போனால் போதும், கண்ணை மூடிக்கொண்டு போகிற தூரம். அவருக்குச் சற்று முன் ஜெர்மனியின் யென்ஸ் வைஸ்ஃப்ளோக் 135.5 மீட்டர் பறந்துவிட்டுப் போயிருந்தார். ஹராடா 97.5ல் இறங்கினார். அங்கேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். தங்கம் ஜெர்மனிக்கு, ஜப்பானுக்கு வெள்ளி. கசாயின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது, கையில் வந்தும் கைநழுவிய தங்கத்தின் மிச்சம்.

இங்கே இருந்து நாகானோ வரை இவருக்கு நடந்ததெல்லாம் அடுக்கடுக்கான இடி. அடுத்த பருவத்தில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. விழுந்தவனுக்கு அந்த முன்சாய்வு மறுபடி வருவது கஷ்டம், உடம்பு தானாகவே பின்வாங்கும். 1997ல் தாயார் இறந்தார், வீட்டுத் தீயில் வெந்து பல மாதம் மருத்துவமனையில் இருந்து இறந்தார். தங்கை ரத்த நோயாளி. இவற்றை அதிகம் விவரிக்க எனக்கு விருப்பமில்லை, ஜப்பானியத் தொலைக்காட்சி போதுமான அளவு பிழிந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் கணுக்காலும் போயிற்று, குழு இடமும் போயிற்று.

பெரும்பாலான எழுத்துகளில் நாகானோவுக்கு அடுத்து நேராக 2014 சோச்சி ஒலிம்பிக்குக்குத் தாவிவிடுவார்கள். இடையில் 16 வருஷம் இருக்கிறது, சுவாரஸ்யமே அங்கேதான்.

நாகானோ முடிந்த கையோடு சர்வதேச ஸ்கீ சங்கம் பலகையின் நீள விதியை மாற்றியது. அதுவரை உயரத்தோடு 80 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். புது விதியில் உயரத்தின் 146 சதவீதம் வரைதான். ஜப்பானியர்களை அடக்கத்தான் இந்த விதி என்று ஜப்பானில் இன்றும் குமுறுகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் முழுக்க அப்படியும் இல்லை. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 245ஆக இருந்த பலகை 241ஆகக் குறைகிறது, அடி விழுந்தது உண்மை. ஆனால் 174 சென்டிமீட்டரில் இரண்டு விதிகளும் ஒன்றாகிவிடுகின்றன, அதற்கு மேல் உயரமானவர்களுக்குப் புது விதி லாபம். கசாய் 176 சென்டிமீட்டரை ஒட்டியவர், ஜப்பான் வீரர்களில் நெட்டை. அவருக்கு எதுவும் குறையவில்லை, பேருக்கு ஒரு சென்டிமீட்டர் கூடியது. 1998-99ல் வரிசையாகப் போட்டிகளை ஜெயித்து உலகக் கோப்பையில் ஒட்டுமொத்தம் 3வதாக வந்தார், அவருடைய மிகச் சிறந்த பருவங்களில் ஒன்று அது. ஆத்திரமும் ஓரளவு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உடலளவு விதி பக்கம் சாய்ந்ததையும் யாராவது சொல்ல வேண்டுமல்லவா.

அடுத்தது சோற்றுப் பிரச்சினை. ஜப்பானில் இந்த வீரர்களுக்குக் கம்பெனிதான் படியளக்கிறது. கம்பெனிக்கு ஒரு ஸ்கீ அணி இருக்கும், வீரர் அதன் ஊழியர், சம்பளம் வாங்கிக்கொண்டு தாண்டுவார். கசாய் முதலில் சேர்ந்த சிசாகி என்ற கட்டுமான நிறுவனம் 1998ல் அணியைக் கலைத்தது. மைகால் என்ற வணிகக் குழுமத்துக்கு மாறினார், 2001ல் அந்தக் குழுமமே திவாலாயிற்று. மூன்று வருஷத்தில் இரண்டு முறை வேலை போன மனிதர். அப்புறம்தான் ஹொக்கைடோவில் வீடு கட்டித் தரும் சுச்சியா ஹோம் நிறுவனத்தின் அணியில் சேர்ந்தார். 2009 முதல் அங்கேயே விளையாடிக்கொண்டே அணியின் தலைமைப் பொறுப்பையும் பார்த்தார். ஒரு ஐரோப்பிய வீரருக்கு 35 வயதில் ஸ்பான்சர் போய்விட்டால் கதை முடிந்தது. இங்கே ஒரு கம்பெனி இவரை மேலாளராகவும் வீரராகவும் ஒரே ஆளாக வைத்துக்கொண்டது. நிலையான சம்பளம், ஆண்டு முழுக்க மேடை, கூடவே இளம் பையன்கள். விடாமுயற்சிக்கு மாதச் சம்பளம் கிடைத்தது என்று சொன்னால் கொச்சையாகத் தெரியலாம், ஆனால் அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் ஒரு பேரிடி. சிறிய மேடையில் 49வது, பெரிய மேடையில் 41வது. 29 வயது. எந்த நாட்டிலும் அது ஓய்வுச் சீட்டுதான். அடுத்த ஆண்டே இத்தாலியின் வால் டி ஃபியெம்மேயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் தனிநபர் வெண்கலம் இரண்டு, குழு வெள்ளி ஒன்று. 2004 பிப்ரவரியில் அமெரிக்காவின் பார்க் சிட்டியில் உலகக் கோப்பைப் போட்டி ஒன்றை ஜெயித்தார். அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. ஏறக்குறைய பத்து வருஷம், ஒரு வெற்றிகூட இல்லை.

இந்தப் பத்து வருஷத்தை யாரும் பாடமாட்டார்கள். 2006ல் டூரினில் 20வது, 12வது. 2010ல் வான்கூவரில் 17வது, 8வது. கெட்ட எண்கள் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை. அந்தக் காலம் முழுக்க விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. எடை குறைவான வீரர் அதிகம் பறப்பார் என்பதால் சிலர் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமானார்கள், அதைத் தடுக்க எடை-உயர விகிதத்தைப் பலகை நீளத்தோடு கட்டினார்கள், மெலிந்தால் பலகையும் குட்டையாகும். 2009ல் காற்றுக்கும் புறப்படும் கம்பியின் உயரத்துக்கும் புள்ளி கூட்டிக் கழிக்கும் முறை வந்தது. 2012ல் ஆடையின் தொளதொளப்பை ஏறக்குறைய ஒழித்து, தோலோடு ஒட்டவைத்தார்கள், தொளதொள ஆடை பாய்மரம்போலக் காற்றைப் பிடிப்பதால். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பறக்கும் நிலையை மில்லிமீட்டர் கணக்கில் திரும்ப அமைக்க வேண்டும். பலருக்கு இது தலைவலி. இணைப் பலகையிலிருந்து வி பாணிக்கு மாறிய ஒருவருக்கு இதெல்லாம் ஏற்கெனவே பார்த்த பேய்.

கூடவே பின்லாந்திலிருந்து பயிற்சியாளர்கள் சுச்சியா ஹோம் அணிக்கு வந்தார்கள். ஜப்பானியப் பயிற்சி முறை தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஓடு, இன்னும் ஓடு, முடியாவிட்டாலும் ஓடு என்ற பள்ளியில் வளர்ந்தவர் கசாய். நாற்பதை நெருங்கும் உடம்புக்கு அது ஆகாது. 0.3 விநாடி உதைக்கு வேண்டியது களைக்காத கால், காய்த்துப்போன கால் இல்லை.

2014 ஜனவரி 11. ஆஸ்திரியாவின் குல்ம் ஸ்கீ ஃபிளையிங் மேடை. கசாய் முதலிடம். வயது 41 வருஷம் 219 நாள். உலகக் கோப்பை வரலாற்றில் அவ்வளவு வயதில் யாரும் ஜெயித்ததில்லை. இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம், அதுவரை அந்தச் சாதனையை வைத்திருந்தவர் யார் தெரியுமா? தகனோபு ஒகபே, 2009ல் 38 வயதில். அதே ஷிமோகாவா, அதே நாகானோ குழுத் தங்கம். ஊர்க்காரர் சாதனையை ஊர்க்காரரே உடைத்தார்.

ஒரு மாதத்தில் சோச்சி. பிப்ரவரி 15, பெரிய மேடை தனிநபர் போட்டி. இந்தப் போட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முதல் சுற்றில் போலந்தின் கமில் ஸ்டொக் 139 மீட்டர், கசாயும் 139. இரண்டாவது சுற்றில் ஸ்டொக் 132.5, கசாய் 133.5. கூட்டிப் பார்த்தால் கசாய் ஒரு மீட்டர் அதிகம் பறந்திருக்கிறார். தங்கம் ஸ்டொக்குக்கு: 278.7க்கு 277.4. இந்த விளையாட்டில் தூரம் மட்டும் கணக்கில்லை. ஐந்து நடுவர்கள் பறந்த அழகுக்கும் இறங்கிய விதத்துக்கும் ஆளுக்கு 20 வரை போடுவார்கள், அதிகமானதும் குறைவானதும் கழிந்து நடுவில் உள்ள மூன்று சேரும், அதோடு காற்றுக் கணக்கு வேறு. பெரிய மேடையில் ஒரு மீட்டருக்கு 1.8 புள்ளி. 1.3 புள்ளி என்றால் 72 சென்டிமீட்டர். முதல் ஒலிம்பிக்குக்கு 22 வருஷம் கழித்து, ஒரு எட்டு தூரத்தில் தங்கம் போயிற்று.

அநியாயம் என்று சொல்லத் தோன்றும், நான் சொல்லமாட்டேன். ஸ்டொக் அந்த ஒலிம்பிக்கில் சிறிய மேடைத் தங்கமும் வாங்கியவர், அந்தக் குளிர்காலத்தின் தலைசிறந்த வீரர். கசாயும் புலம்பவில்லை, பனியில் கட்டிப்பிடித்த சகவீரர்களோடு சிரித்துக்கொண்டு நின்றார். அழுதது இரண்டு நாள் கழித்து, குழுப் போட்டியில் வெண்கலம் வாங்கியபோது. அந்தக் குழுவில் டைகி இடோவுக்கு முழங்காலில் கோளாறு, தாகு தகேஉச்சி ஒரு அரிய நோயிலிருந்து மீண்டு வந்திருந்தார், ரெருஹி ஷிமிசு சின்னப் பையன். அவர்கள் கையில் பதக்கம் கிடைத்ததற்காகத்தான் அழுதேன் என்ற பொருளில் பேசினார். நாகானோவில் குழுவுக்கு வெளியே நின்று எரிச்சல்பட்ட அதே மனிதர். மனம் மாறிவிட்டது, பக்குவம் வந்துவிட்டது என்று நான் எழுதப்போவதில்லை. தனிநபர் தங்கம் இன்னும் வேண்டும் என்று அன்றும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஒரே ஆளுக்குள் இரண்டும் இருக்கும்.

2014 நவம்பர் 29ல் பின்லாந்தின் குவுசாமோவில் சுவிட்சர்லாந்தின் சைமன் அம்மானோடு சமமாக முதலிடம், 42 வருஷம் 176 நாள். உலகக் கோப்பையில் அவருக்கு 17வது வெற்றி, கடைசி வெற்றியும் அதுவே. அடுத்த வாரம் லில்லெஹாமரில் ஆஸ்திரியாவின் கிரெகோர் ஷ்லியரென்சவர் ஜெயித்தார், அது அவருக்கு 53வது. ஆண்கள் உலகக் கோப்பை வரலாற்றில் அதிக வெற்றி பெற்ற அவருக்கு அப்போது வயது 24. அதற்கு அப்புறம் அவர் ஒரு போட்டியைக்கூட ஜெயிக்கவில்லை, 31 வயதில் விலகினார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலை சுற்றும். திறமையில் ஷ்லியரென்சவர் பல படி மேலே. 16 வயதிலேயே ஜெயிக்கத் தொடங்கியவர், எல்லாம் சரியாக அமைந்த உடம்பு. ஆனால் ஒருமுறை அந்த உணர்வு கலைந்த பிறகு அதைத் திரும்பக் கட்டவேண்டிய வேலை அவருக்கு அதற்கு முன் வந்ததே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கசாய் அதை ஐந்தாறு முறை செய்திருந்தார்: பாணி மாறியபோது, எலும்பு முறிந்தபோது, பலகை நீளம் மாறியபோது, 49வதாக வந்தபோது. தோற்று எழுந்தவன் பெரியவன் என்ற பழைய பல்லவியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றில் இருக்கும் நேரம் இவ்வளவு குறைவான ஒரு விளையாட்டில், தன் தாண்டலைப் பிரித்துப்போட்டு மறுபடி மாட்டத் தெரிவது தனியான ஒரு கைத்தொழில். அந்தத் தொழில் தெரிந்தவருக்கு வயது மெதுவாகத்தான் ஏறும்.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இவர் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு இளைஞர்களை வரவிடாமல் செய்தார் என்ற முணுமுணுப்பு ஜப்பானில் இருந்தது. 2018 பியொங்சாங் அதற்குத் தீனி போட்டது. தேசியக் கொடி ஏந்தி நடந்தார், எட்டாவது குளிர்கால ஒலிம்பிக், அதுவரை யாரும் தொடாத எண். களத்தில் 21வது, 33வது. வயது 45. விழாவுக்காக அழைத்துப்போனார்களா என்று கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இடம் நாட்டின் தேர்வில் கிடைத்தது, அவரை முந்தி அங்கே நிற்க வேண்டியவர்கள் முந்தியிருக்க வேண்டும். ஒரு வருஷம் முன்புதான், 2017 மார்ச்சில், நார்வேயின் விகெர்சுண்டில் 44 வயதில் 241.5 மீட்டர் பறந்திருந்தார். வாழ்நாளின் அதிகபட்ச தூரம் 44 வயதில்! மேடை பெரிதாக்கப்பட்டது ஒரு காரணம்தான், இருந்தாலும்.

இளைஞர்களை வரவிடவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு இன்னொரு பதில் ரியோயு கொபயாஷி. சுச்சியா ஹோம் அணியில் கசாயின் கீழே சேர்ந்த பையன். 2018-19ல் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் புத்தாண்டையொட்டி நடக்கும் நான்கு மேடைப் போட்டித் தொடரின் நான்கையும் ஜெயித்த வரலாற்றின் மூன்றாவது ஆள், அதே பருவத்தில் ஒட்டுமொத்த உலகக் கோப்பையும் எடுத்தார். 2022 பெய்ஜிங்கில் சிறிய மேடைத் தங்கம். கசாய்க்கு வாய்க்காத மூன்றும் அவரிடம் தாண்டிப் பழகிய பையனுக்கு வாய்த்தன. அந்த பெய்ஜிங்குக்குக் கசாய் தேர்வாகவில்லை. முதல்முறையாக, 1992க்குப் பிறகு ஒரு குளிர்கால ஒலிம்பிக் அவர் இல்லாமல் நடந்தது.

அத்தோடு நிறுத்துவார் என்று நானும் நினைத்தேன். உள்நாட்டுப் போட்டிகளில் பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று தாண்டிக்கொண்டிருந்தார். 2024 பிப்ரவரியில் சப்போரோவில் உலகக் கோப்பை நடந்தபோது, போட்டி நடத்தும் நாட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் இடங்களில் ஒன்று இவருக்கு. 51 வயது. 1988 டிசம்பரில் 16 வயதில் முதன்முதலாகத் தாண்டியதும் இதே ஊரில்தான். தகுதிச் சுற்றைத் தாண்டி வந்தார், முதல் சுற்றில் முதல் முப்பதுக்குள் வந்து இரண்டாவது சுற்றுக்கும் போனார். முடிவில் 30வது இடம். உலகக் கோப்பையில் 30வது இடத்துக்கு ஒரு புள்ளி கொடுப்பார்கள், 31வதாக வந்திருந்தால் பூஜ்யம். அந்த ஒரு புள்ளியை வாங்கிக்கொண்டு, அடுத்த குளிர்காலமும் தாண்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.